ஒரே முதலாளி, ஆளுக்கொரு அபிப்பிராயம்: வேலையிட உறவின் தரம் எப்படி உருவாகிறது?

காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். ஒரே முதலாளி, ஒரே கல்லா, எல்லாருக்கும் ஒரே சம்பள நாள். அங்கே 20 வருடமாக இருப்பவரிடம் கேட்டால் "முதலாளி தங்கமான மனுஷன்" என்பார். மூன்றே மாதத்தில் கிளம்பிப் போன பையனிடம் கேட்டால் "அந்த ஆளிடம் மனுஷன் வேலை பார்ப்பானா?" என்பான். ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மைதான்.

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் ஒரு வாசகம் உண்டு: ஆட்கள் வேலையை விடுவதில்லை, மேலதிகாரியைத்தான் விடுகிறார்கள். முதலாளிமார் கூடும் இடங்களில் இதற்கு ஒரு பதிலும் தயாராக இருக்கும்: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது. முன்னது பழியை மேலே தள்ளுகிறது, பின்னது கீழே தள்ளுகிறது. மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் இடையில் உறவு எப்படி முளைக்கிறது, எங்கே கெடுகிறது, அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை நிர்வாகவியல் சுமார் 50 ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. அந்த ஆய்வுகள் சொல்வதைச் செட்டிநாட்டுப் பட்டறை, விடுதி, பழைய வட்டிக்கடை ஆகியவற்றில் பொருத்திப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

அடிப்படை: சராசரியை விட்டு ஜோடிக்கு வந்தது

1970களின் தொடக்கம் வரை தலைமை பற்றிய ஆய்வுகள் ஓர் எளிய அனுமானத்தில் ஓடின. ஒரு தலைவருக்கு ஒரு பாணி. கண்டிப்பானவர் என்றால் எல்லாரிடமும் கண்டிப்பு, இளகியவர் என்றால் எல்லாரிடமும் இளக்கம். ஆகவே அவரிடம் வேலை செய்யும் பத்துப் பேரைக் கேட்டுச் சராசரி எடுத்தால் அவருடைய பாணி கிடைத்துவிடும். பத்துப் பேரும் பத்து விதமாகச் சொன்னால்? அதை அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கிவிடுவார்கள்.

1975இல் டான்செரோ, கிரேன், ஹாகா என்ற மூன்று ஆய்வாளர்கள் அந்த ஒதுக்கிவைத்த வேறுபாட்டையே கையில் எடுத்தார்கள். ஒரே அதிகாரி சிலரோடு கலந்து பேசி முடிவெடுக்கிறார். வேறு சிலரிடம் வேலை நேரம், சம்பளம், விதி என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எனவே ஆராய வேண்டிய அலகு தலைவர் என்ற தனி ஆள் அல்ல, தலைவரும் ஒரு பணியாளரும் சேர்ந்த ஜோடி என்றார்கள். இது பிறகு 'தலைவர்–உறுப்பினர் பரிமாற்றக் கோட்பாடு' என்ற பெயரில் வளர்ந்தது. ஆய்வு வட்டாரத்தில் அதன் ஆங்கிலப் பெயரை (லீடர்–மெம்பர் எக்ஸ்சேஞ்ச்) சுருக்கி எல்.எம்.எக்ஸ். என்பார்கள்.

இதில் மூன்று சொற்களைத் தெளிவாக வைத்துக்கொண்டால் மீதி சுலபம்.

1. பரிமாற்றம்: மேலே இருப்பவர் கொடுப்பது சம்பளம் மட்டுமில்லை. நேரம், தகவல், நல்ல வேலை, சுயமாக முடிவெடுக்கும் இடம், தவறு நேர்ந்தால் ஒரு தாங்கல். கீழே இருப்பவர் கொடுப்பதும் எட்டு மணி நேர உழைப்போடு நிற்பதில்லை. கேட்காமலே எடுத்துச் செய்யும் வேலை, மறைக்காமல் சொல்லும் உண்மை, முதலாளி இல்லாதபோதும் குறையாத கவனம் எல்லாம் அதில் சேரும்.

2. தரம்: ஒப்பந்தத்தில் எழுதியது மட்டுமே கைமாறினால் அது தாழ்ந்த தரம். எழுதாதவையும் கைமாறினால் உயர்ந்த தரம். ஆள் நல்லவரா கெட்டவரா என்பதற்கு இங்கே இடமில்லை. நல்ல மனிதர்கள் இருவருக்கு இடையிலும் தாழ்ந்த தரத்து உறவு இருக்கலாம், தாராளமாக.

3. உள்வட்டம், வெளிவட்டம்: ஒரே குழுவில் உயர்ந்த தரத்து ஜோடிகள் உள்வட்டம், மற்றவை வெளிவட்டம்.

தரத்தை எதை வைத்து அளப்பது என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. 1998இல் லைடனும் மாஸ்லினும் நான்கு இழைகளைப் பிரித்துக் காட்டினார்கள்: ஒருவர்மேல் ஒருவருக்கு உள்ள பிடித்தம், பிறர் முன்னால் விட்டுக்கொடுக்காத விசுவாசம், வேலைக்குப் போடும் பங்களிப்பு, தொழில்திறமைமேல் உள்ள மதிப்பு. இந்தப் பிரிப்பு நமக்கு ரொம்பவும் உதவும். "ஆளைப் பிடிக்காது, ஆனால் வேலையில் கில்லாடி" என்று ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம் இல்லையா? அங்கே நான்காவது இழை உறுதியாக இருக்கிறது, முதல் இழை அறுந்திருக்கிறது. அப்படிப்பட்ட உறவும் பல வருடம் ஓடும்.

ஒரு கல் ஆடிப்போகும்போது

உறவு வளரும் விதத்தை கிரேனும் யூல்-பியனும் 1995இல் மூன்று கட்டமாக விவரித்தார்கள்: அந்நியர், அறிமுகமானவர், கூட்டாளி. காகிதத்தில் படிக்கும்போது இது உப்புச்சப்பில்லாமல் இருக்கும். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

அந்தத் தரைக்கல் செய்யும் முறை இது. கண்ணாடித் தகடு ஒன்றைச் சுத்தமாகத் துடைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தை வைக்கிறார்கள். சட்டத்துக்குள் பூவேலை கொண்ட அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் அதற்குரிய நிறக்கலவையைக் கரண்டியால் ஊற்றிவிட்டு அச்சை மட்டும் நேராகத் தூக்க வேண்டும். கை லேசாக ஆடினாலும் சிவப்பு மஞ்சளுக்குள் இறங்கிவிடும். அப்புறம் அதன்மேல் உலர்ந்த சிமென்ட், மணல் கலவையைத் தூவி, ஈரக் கலவை போட்டு, கரணையால் மட்டம் செய்து காயவைத்து, தொட்டித் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சூளை கிடையாது, சுடுவது கிடையாது. கல்லின் முகம் கீழே கண்ணாடியைப் பார்த்துப் படுத்திருக்கும். கண்ணாடியைக் கழற்றும்போதுதான் பூ நின்றிருக்கிறதா, கலங்கியிருக்கிறதா என்று எல்லாருக்கும் தெரியும்.

அதாவது தவறு நடந்த நொடியில் அது தெரிவது அச்சைத் தூக்கியவனுக்கு மட்டும். மூத்த கைக்குத் தெரியவரும்போது நாள் கடந்திருக்கும்.

1. அந்நியர் கட்டம். புதிதாக வந்த பையனுக்கு மணல் சலிப்பது, கண்ணாடி துடைப்பது, தண்ணீர் எடுப்பது. சொன்னதைச் செய்கிறான், கூலி வாங்குகிறான். எழுதாத எதுவும் இன்னும் கைமாறவில்லை. மூத்தவர் கண் மட்டும் அவன்மேல் இருக்கிறது: கண்ணாடியின் ஓரத்தையும் துடைக்கிறானா, நடுவோடு விட்டுவிடுகிறானா?

2. அறிமுகக் கட்டம். ஒரு நாள் சாதாரண இரண்டு நிறக் கல்லுக்கு அவனிடம் கரண்டியைக் கொடுக்கிறார். இது சோதனை என்று யாரும் அறிவிப்பதில்லை. அவன் அச்சைத் தூக்குகிறான், கை ஆடுகிறது. இப்போது அவன்முன் இரண்டு வழி. பேசாமல் மேலே கலவையைப் போட்டு மூடிவிடலாம். அல்லது "அண்ணே, இது ஆடிப்போச்சு" என்று அங்கேயே சொல்லலாம். சொன்னால் கலவையை வழித்தெடுத்துவிட்டு உடனே வேறு ஊற்றலாம். சிமென்ட்டும் மிச்சம், ஊறும் நாளும் மிச்சம்.

அவன் சொல்லிவிட்டான். அடுத்த அரை நிமிடம் மூத்தவர் கையில். "கண்ணு எங்க இருக்கு?" என்று நாலு பேர் முன்னால் கத்தினால், அடுத்த முறை ஆடும் கல் கண்ணாடி கழற்றும் நாள்வரை வாய் திறக்காது. "சரி, வழிச்சுட்டு மறுபடி ஊத்து. தூக்கும்போது முழங்கையை உடம்போட ஒட்டி வை" என்றால், அந்தப் பையன் ஒன்றைக் கற்றுக்கொள்கிறான்: இவரிடம் உண்மை சொன்னால் நமக்குச் சேதமில்லை. மூத்தவரும் ஒன்றைத் தெரிந்துகொள்கிறார்: இவனை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

3. கூட்டாளிக் கட்டம். இப்படிப் பல சிறு கொடுக்கல் வாங்கல் நடந்தபின் கணக்குப் பார்ப்பது நின்றுவிடுகிறது. நாலு நிற எல்லைப்பூ, அதாவது தரையின் ஓரத்துக்கான பூவேலைக் கல், அவன் பொறுப்பு. கலவை கெட்டியாக இருக்கிறது என்று அவன் சொன்னால் மூத்தவர் திரும்பிப் பார்க்காமலே தண்ணீர் சேர்க்கச் சொல்கிறார்.

எல்லா ஜோடியும் மூன்றாம் கட்டத்துக்கு வருவதில்லை. பெரும்பாலானவை இரண்டாவதிலேயே நின்றுவிடும். அதில் பெரிய குற்றமும் இல்லை, வேலை நடந்துகொண்டுதான் இருக்கும்.

முதல் சில நாட்களுக்கு எவ்வளவு கனம் என்பதை லைடன், வேய்ன், ஸ்டில்வெல் மூவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த 166 பேரையும் அவர்களுடைய நேர் மேலதிகாரிகளையும் தொடர்ந்து கவனித்தார்கள். ஆரம்ப நாட்களிலேயே ஒருவர்மேல் ஒருவர் வைத்த எதிர்பார்ப்பு, ஆறு மாதம் கழித்து உறவு எப்படி இருந்தது என்பதோடு ஒத்துப்போனது. வயது, பாலினம் போன்ற வெளி ஒற்றுமைகளுக்குப் பெரிய தாக்கம் இல்லை. 'இவரும் நம்மைப் போலவே யோசிக்கிறார்' என்ற நினைப்புக்குத் தாக்கம் இருந்தது.

2009இல் நார்காங், மோர்கசன், இலியஸ் ஆகியோர் 330 ஜோடிகளை 8 வாரம் பின்தொடர்ந்தார்கள். முதல் சந்திப்பில் குணம் பேசுகிறது: தலைவர் இணக்கமானவராகவும், உறுப்பினர் கலகலப்பானவராகவும் இருந்தால் தொடக்கம் நன்றாக இருக்கும். வாரங்கள் போகப் போக இரு தரப்பும் பார்ப்பது எதிராளியின் செயல்திறனை. தலைவரும் மதிப்பெண் வாங்கும் இடத்தில்தான் இருக்கிறார் என்பது இந்த முடிவுக்குள் இருக்கும் செய்தி. முதலாளிமார் இதைக் கவனிப்பது குறைவு.

யார் பங்கு எவ்வளவு?

இரண்டு கை சேர்ந்தால்தான் ஓசை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இங்கே வழியில்லை, ஏனென்றால் இரண்டு கையும் ஒரே அளவு இல்லை. 2012இல் டுலிபோனும் நான்கு சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த 247 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். தலைவர் தரப்புக் காரணிகள், பணியாளர் தரப்புக் காரணிகள், இருவர் இடையிலான காரணிகள் என்று பிரித்துப் பார்த்ததில், உறவின் தர வேறுபாட்டைப் பெரும்பாலும் விளக்கியது தலைவர் தரப்பே.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியது. யாருக்கு எந்த வேலை, யாரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவது, யார் தவறை எப்படி எடுத்துக்கொள்வது எல்லாம் அவர் கையில். பணியாளர் கொடுக்க நினைத்தாலும் வாங்கிக்கொள்ளும் வாசலைத் திறந்து வைத்திருப்பவர் அவர். 'அனுசரித்துப் போ' என்று கீழே இருப்பவருக்கு மட்டும் பாடம் நடத்தும் பயிற்சி வகுப்புகள் ஏன் பலிப்பதில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த நேர்மையான பதில் இதுதான்.

அதற்காகப் பணியாளர் கைகட்டி உட்கார்ந்திருப்பவர் என்றும் ஆகாது. மாஸ்லினும் யூல்-பியனும் 2001இல் ஒரு நுட்பமான கேள்வியைக் கேட்டார்கள்: இந்த உறவுக்காக நீங்கள் எவ்வளவு முயற்சி எடுத்தீர்கள், எதிராளி எவ்வளவு எடுத்தார்? தரம் உயர்ந்த ஜோடிகளில் இரண்டும் அதிகமாக இருந்தன. நம் முயற்சியைவிட எதிராளியின் முயற்சி கண்ணில் படுகிறதா என்பதே பல இடங்களில் உறவை நிர்ணயிக்கிறது. ஒரு தரப்பு மட்டும் மாங்கு மாங்கென்று உழைத்து, மறு தரப்பு அசையாமல் இருந்தால் உறவு நிமிராது.

தலைவர் தரப்பில் கவனிக்க வேண்டியவை:

1. முதல் வேலையின் அளவு. மிகச் சின்னதைக் கொடுத்தால் ஆள் யார் என்று தெரியாது. மிகப் பெரியதைக் கொடுத்தால் விழுவது நிச்சயம், விழுந்தவன்மேல் முத்திரையும் நிச்சயம்.

2. காரணத்தைச் சொல்வது. "வெள்ளிக்கிழமைக்குள் 200 கல் வேண்டும்" என்பது கட்டளை. "சனிக்கிழமை வீட்டுக்காரர் வெளிநாடு கிளம்புகிறார், பார்த்துவிட்டுப் போக வேண்டுமாம்" என்று சேர்த்துச் சொன்னால் பணியாளர் தானாக முன்பின் பார்த்து வேலையை அடுக்கிக்கொள்வார்.

3. மேலே பேசும் தெம்பு. தனக்கு மேலே செல்வாக்கே இல்லாத மேற்பார்வையாளரால் தன் ஆட்களுக்கு எதையும் வாங்கித் தர முடியாது. அன்பாக இருந்தாலும் அங்கே பரிமாற்றம் ஒரு எல்லைக்கு மேல் போகாது.

பணியாளர் தரப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டே இரண்டு. ஒன்று, கெட்ட செய்தியைத் தாமதிக்காமல் கொண்டுவருவது. கல் ஆடிய கதை அதுதான். இன்னொன்று, "இது சரியா வந்திருக்கா?" என்று தானாகப் போய்க் கேட்பது. கேட்பவருக்குத் திருத்தம் கிடைக்கிறது, மேலே இருப்பவருக்கும் இவர் முயற்சி எடுக்கிறார் என்பது கண்ணில் படுகிறது.

ஜால்ரா அடித்தால்? பலிக்கும். முகஸ்துதிக்கும் உறவின் தரத்துக்கும் நேர்த்தொடர்பு உண்டு என்று அந்த 2012 தொகுப்பிலேயே வருகிறது. அலுவலகத்தில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை. ஆனால் செயல்திறன் கண்ணுக்குத் தெரியும் தொழில்களில் அதன் ஆயுள் குறைவு. கலங்கிய பூவைப் பாராட்டு வார்த்தையால் மூட முடியாது.

உறவு கெடும் சுழல்

நல்ல உறவு எப்படி வளர்கிறது என்பதைவிட, கெட்ட உறவு எப்படித் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது என்பதே அதிகம் தெரிய வேண்டிய விஷயம். 1998இல் மான்சோனி, பார்சூ என்ற இரு ஐரோப்பிய நிர்வாகவியல் பேராசிரியர்கள் இதை விளக்கமாக எழுதினார்கள். திறமையுள்ள ஆளே தோற்றுப்போகும்படி மேலதிகாரி அறியாமல் ஏற்பாடு செய்துவிடுகிறார் என்பது அவர்கள் கருத்து.

கானாடுகாத்தான் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகள் சில விடுதிகளாகியிருக்கின்றன. அப்படி ஒரு விடுதியைக் கற்பனை செய்துகொள்வோம்.

1. புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு காலை விருந்தினருக்குச் சொன்ன நேரத்தில் வண்டி ஏற்பாடு செய்யத் தவறுகிறார். ஓட்டுநர் வராததே காரணம்.

2. மேலாளர் அதை அவருடைய கவனக்குறைவு என்று மனதில் குறித்துக்கொள்கிறார். மற்றவர் தவறுக்கு அவர் குணத்தையும், நம் தவறுக்குச் சூழ்நிலையையும் காரணமாக்குவது மனிதர்களுக்குப் பொதுவான பழக்கம்.

3. உதவி செய்வதாக நினைத்து மேலாளர் கண்காணிப்பைக் கூட்டுகிறார். "வண்டிக்குச் சொல்லியாச்சா? சாவி எங்க? அறை தயாரா?" மணிக்கொரு தரம்.

4. அந்தப் பெண்ணுக்கு இது நம்பிக்கையின்மை என்று புரிகிறது. தானாக எதையும் முடிவு செய்யாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கேட்டுச் செய்யத் தொடங்குகிறார்.

5. மேலாளர் இப்போது சொல்கிறார்: "பார்த்தீர்களா, சொந்தமாக ஒன்றும் செய்யத் தெரியவில்லை." முதல் சந்தேகம் நிரூபணமாகிவிட்டது, அவர் பார்வையில்.

இதில் யாரும் வேண்டுமென்று கெடுதல் செய்யவில்லை. மூன்றாவது படி அக்கறையிலிருந்து வந்ததுதான். ஆனால் அக்கறை எந்த உருவத்தில் போய்ச் சேர்கிறது என்பதை வாங்குகிறவர் இடத்திலிருந்து யாரும் பார்க்கவில்லை. சுழலை வெட்டச் சுலபமான இடம் இரண்டாவது படி. அந்தக் காலையில் "வண்டி ஏன் வரவில்லை?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், ஓட்டுநர் வராத விஷயம் வெளியே வந்திருக்கும். ஐந்தாவது படிக்கு வந்தபின் இருவரும் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசாமல் விடிவு இல்லை. பேச்சைத் தொடங்க வேண்டியவர் மேலாளர். கீழே இருப்பவர் தொடங்கினால் நம் ஊரில் அதற்கு 'எதிர்த்துப் பேசுகிறாள்' என்று பெயர்.

கடல் தாண்டிய நம்பிக்கை: வட்டிக்கடை ஏற்பாடு

கண்முன் இல்லாத ஆளை எப்படி நம்பிப் பொறுப்பைக் கொடுப்பது என்ற கேள்விக்குச் செட்டிநாட்டில் ஒரு பழைய நடைமுறை விடை இருந்தது. நகரத்தார் 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மா, இலங்கை, மலேயா எனப் பல நாடுகளில் வட்டித் தொழில் நடத்தினார்கள். ரங்கூனில் மொகல் தெரு அவர்களுடைய மையம். சிங்கப்பூரில் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் பல கடைகள் ஒரே கூரையின்கீழ் பெட்டியை வைத்துக்கொண்டு தொழில் செய்தன. முதலாளி பல சமயம் ஊரில் இருப்பார். பணமும் கணக்கும் கடலுக்கு அப்பால் ஒரு முகவர் கையில் இருக்கும். தொலைபேசி இல்லை, பெரும்பாலும் கடிதம்தான்.

இந்த ஏற்பாட்டின் எலும்புக்கூடு இப்படி: கடையில் மேலாள் (அவர்தான் முகவர்), அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். முகவரின் தவணை பொதுவாக மூன்று வருடம். சம்பளம் முன்பே பேசி எழுதப்படும், அதில் கணிசமான பகுதி முன்பணமாகவும் போகும். தவணை முடிந்து கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்பும்போது, லாபத்தைப் பொறுத்துத் தனியாக ஒரு தொகையும் கிடைக்கும். ஐந்தொகை, அதாவது இறுதி நிலைக்கணக்கு, போட்டுத் தெளிவாகக் காட்ட வேண்டும்.

நம் கோட்பாட்டின் கண்ணோடு பார்த்தால் இதில் மூன்று விஷயம் தெரிகிறது.

முதலாவது, படிப்படியான சோதனை. பெட்டியடியில் உட்கார்ந்து சில்லறைக் கணக்கு எழுதிய பையன்தான் பிறகு அடுத்தாள், அப்புறம் மேலாள். பெரிய தொகையை நம்பி ஒப்படைக்கும் முன் சிறிய தொகையில் பல வருடம் பார்த்திருப்பார்கள்.

இரண்டாவது, எழுத்தும் நம்பிக்கையும் ஒன்றையொன்று தின்னவில்லை. 'நம்பினால் எதற்கு எழுத்து?' என்பது நம் ஊர்ச் சிறு தொழில்களில் இன்றும் கேட்கும் பேச்சு. வட்டிக்கடை ஏற்பாட்டில் சம்பளமும் தவணையும் எழுத்தில் இருந்தன. அன்றாடம் யாருக்குக் கடன், எவ்வளவு வட்டி, எந்த ஈட்டை ஏற்பது என்பது முகவரின் தீர்ப்பில் இருந்தது. எழுத்து அடிமட்டத்தைப் பிடித்துக்கொண்டதால் முதலாளியால் மேற்பகுதியைத் தைரியமாக விட்டுக்கொடுக்க முடிந்தது.

மூன்றாவது, இதைப் புகழ்ந்து பேசுபவர்கள் விட்டுவிடுவது. இந்த நம்பிக்கை பெரும்பாலும் ஒரே சமூகத்துக்குள், உறவுக்கும் கோயிலுக்கும் உள்ளேயே சுழன்றது. நகரத்தாரின் ஒன்பது கோயில் பிரிவுகளுக்குள் ஒருவர் பெயர் கெட்டால் பெண் கொடுக்கல் வாங்கல்வரை அது போகும். எனவே முகவர் ஒழுங்காக நடந்ததற்கு முதலாளியோடு இருந்த உறவின் தரம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. உள்வட்டத்துக்குள் பிறப்பால் நுழைய வேண்டியிருந்த ஏற்பாடு அது. அதன் சோதனை முறையை இன்றைய நிறுவனம் எடுத்துக்கொள்ளலாம், நுழைவு முறையை எடுத்துக்கொள்ள முடியாது.

'நம்ம ஆள்' என்ற ஆபத்து

உள்வட்டம் என்று ஒன்று இருப்பதே அநியாயம் என்று சிலர் நினைக்கிறார்கள். எல்லாரிடமும் ஒரே ஆழத்தில் உறவு வைத்துக்கொள்ள எந்த மேலாளருக்கும் நேரம் இல்லை, வேறுபாடு வரத்தான் செய்யும். கேள்வி, அந்த வேறுபாடு எதனால் வந்தது என்று சுற்றியிருப்பவர்கள் நினைக்கிறார்கள் என்பதே. எல்லைப்பூ வேலை ஒருவருக்குக் கிடைத்தது கை நேராக இருப்பதால் என்று எல்லாருக்கும் தெரிந்தால், மற்றவர்கள் அதை அடைய ஒரு வழி இருக்கிறது. முதலாளியின் மச்சான் என்பதால் கிடைத்தது என்றால் வழியே இல்லை. அப்போது வெளிவட்டத்தில் இருப்பவர் சம்பளத்துக்கு மேல் ஒரு துளியும் கொடுக்க மாட்டார், அவர் கணக்கில் அது நியாயமும்கூட.

சரி, மேலை நாட்டில் பிறந்த கோட்பாடு நமக்கு அப்படியே பொருந்துமா? 2012இல் ராக்ஸ்டூலும் சக ஆய்வாளர்களும் 23 நாடுகளின் 282 மாதிரிகளைத் தொகுத்து இதைப் பார்த்தார்கள். பணித்திருப்தி, வேலையை விடும் எண்ணம், நியாய உணர்வு போன்றவற்றோடு உறவின் தரத்துக்கு உள்ள தொடர்பு, அடுக்குமுறையும் கூட்டு வாழ்வும் வலுவாக உள்ள ஆசியச் சமூகங்களில் மேலை நாடுகளைவிடச் சற்றே தளர்வு. செய்யும் வேலையின் தரத்தோடும் நிறுவனப் பற்றோடும் உள்ள தொடர்பில் பெரிய வித்தியாசம் இல்லை.

இதை நம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பில்லை. மேலாளரோடு முகம் கொடுத்துப் பேசாதவர்கூட, வேலை வாங்கிக்கொடுத்த சித்தப்பாவின் பேருக்காகவும், கடையின் பேருக்காகவும் அங்கேயே இருப்பார். ஆக, வேலையை விடவில்லை என்பதை வைத்து உறவு நன்றாக இருக்கிறது என்று முதலாளி முடிவு கட்டினால் ஏமாறுவார். "எங்க கடையில யாரும் போனதில்ல" என்ற பெருமைப் பேச்சு இங்கே ரொம்பவே சாதாரணம்.

அளவுகோலை எவ்வளவு நம்பலாம்?

இந்தத் துறையின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரே உறவைப் பற்றித் தலைவரையும் பணியாளரையும் தனித்தனியே கேட்டால் பதில்கள் எவ்வளவு ஒத்துப்போகும்? 1997இல் கெர்ஸ்ட்னரும் டேயும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது கிடைத்த ஒட்டுறவு 0.29. 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடர்பே இல்லை. ஆக, இருவரும் ஒரே உறவில் இருந்துகொண்டு வேறு வேறு உறவை விவரிக்கிறார்கள் என்றே சொல்லலாம்.

இதிலிருந்து வாசகர் கைக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. 'நல்ல உறவு இருந்தால் உற்பத்தி கூடும்' என்ற செய்தியைப் படித்தால், யாரைக் கேட்டார்கள், எத்தனை முறை கேட்டார்கள் என்று பாருங்கள். ஒரே ஆளிடம் ஒரே நாளில் "மேலாளர் எப்படி? வேலை எப்படி?" என்று இரண்டையும் கேட்டிருந்தால், அன்றைக்கு அவர் இருந்த மனநிலையே இரண்டு பதிலிலும் விழுந்திருக்கலாம். நன்றாக வேலை செய்பவரோடு மேலாளர் நல்ல உறவு வைத்துக்கொள்கிறார் என்று காரணம் தலைகீழாகவும் இருக்கலாம்.

இந்தச் சந்தேகத்துக்கு ஓரளவு பதில் தருவது சோதனை முறையில் நடந்த சில ஆய்வுகள். 1980களின் தொடக்கத்தில் கிரேனும் அவரோடு இருந்தவர்களும், ஸ்காண்டுராவும் அதில் ஒருவர், மேற்பார்வையாளர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியின் சாரம் எளிது: உள்வட்டத்தாரோடு நிற்காமல், உங்கள்கீழ் உள்ள ஒவ்வொருவரையும் தனியே உட்காரவைத்து, வேலையில் என்ன இடைஞ்சல், என்ன எதிர்பார்க்கிறார் என்று கேளுங்கள், வாய்ப்பை எல்லாருக்கும் நீட்டுங்கள். அதிகம் முன்னேறியது ஏற்கெனவே நெருக்கமாக இருந்தவர்கள் இல்லை. முன்பு தாழ்ந்த தரத்து உறவில் இருந்தவர்களின் உற்பத்திதான் கூடியது.

ஆள் மாறும்போது

நடைமுறையில் அதிகம் பேர் அடிபடும் இடம் இது. உறவு ஜோடிக்குச் சொந்தம் என்பதால் ஜோடியில் ஒருவர் போனதும் சேர்த்துவைத்த நம்பிக்கை அவரோடு போய்விடுகிறது. பட்டறையைப் பார்த்துக்கொண்ட அப்பா ஒதுங்கி, சென்னையில் படித்த மகன் பொறுப்புக்கு வருகிறார். 15 வருடம் எல்லைப்பூ போட்டவரிடம் புது முதலாளி வருகைப் பதிவேட்டை நீட்டுகிறார். பணியாளருக்கு அது அவமானம். மகனுக்கோ அது எல்லாருக்கும் பொதுவான விதி. இருவரும் அந்நியர் கட்டத்தில் நிற்கிறார்கள்.

சிறு தொழில் செய்யும் குடும்பங்கள் கைமாற்றும்போது மூன்று காரியம் செய்தால் பாதிச் சிக்கல் வராது.

1. யாருக்கு எந்த முடிவைக் கேட்காமல் எடுக்க உரிமை இருந்தது என்பதைப் பழையவர் எழுதிக் கொடுக்க வேண்டும். சரக்கும் பாக்கியும் எழுதுகிறோம், இதை யாரும் எழுதுவதில்லை.

2. சில மாதமாவது பழையவரும் புதியவரும் சேர்ந்து இருக்க வேண்டும். அந்த நாட்களில் பழையவர் ஆட்கள் முன்னால் புதியவரைத் திருத்தக் கூடாது. திருத்தினால் பணியாளர்கள் எல்லாக் கேள்வியையும் பழையவரிடமே கொண்டுபோவார்கள்.

3. வருகைப் பதிவேடு மாதிரி புது விதி எதையும் கொண்டுவரும் முன், புதியவர் மூத்த பணியாளரைத் தனியே அழைத்து, அது ஏன் வருகிறது, அவருக்கு இருந்த சுதந்திரத்தில் எது அப்படியே இருக்கும், எது மாறும் என்று நேரடியாகச் சொல்லிவிட வேண்டும். மற்றவர்களோடு சேர்த்து நிற்கவைத்து அறிவிப்பாகச் சொன்னால், அந்த நிமிடமே அவர் வெளிவட்டத்துக்குப் போய்விடுவார். அப்புறம் பக்கத்துப் பட்டறையிலிருந்து அழைப்பு வர அதிக நாள் ஆகாது, ஆத்தங்குடியில் நல்ல கைக்கு எப்போதும் கிராக்கி இருக்கிறது.